நான்கு சனிக்கிழமைகள்: சிறிய காலேஜ் ஃபுட்பால் அணி எதிரணிகளை எப்படிப் பிடிப்பது?

2022 செப்டம்பரில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள கென்ட் ஸ்டேட் கல்லூரியின் அமெரிக்கன் ஃபுட்பால் அணி பாதி நாட்கள் பெட்டியும் கையுமாகவே திரிந்தது. 3ஆம் தேதி சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துடன் ஆட்டம். 10ஆம் தேதி ஓக்லஹோமாவில். 24ஆம் தேதி ஜார்ஜியாவில், அதுவும் நடப்புச் சாம்பியனின் வீட்டிலேயே போய். நடுவில் ஒரே ஒரு சனிக்கிழமை சொந்த ஊரில் லாங் ஐலண்ட் அணியை 63-10 என்று அடித்துத் துவைத்தது. மூன்று பெரிய ஆட்டங்களிலும் தோல்வி. அங்கே போய் ஆடியதற்குப் பெரிய அணிகள் கொடுத்த பணம் மட்டும் சுமார் 52 லட்சம் டாலர்.

அது மட்டமான அணி இல்லை. ஓக்லஹோமாவுடன் பாதி ஆட்டம் முடிந்தபோது 3-7 என்றுதான் பின்தங்கியிருந்தது. ஜார்ஜியாவிடம் தோற்றாலும் 22 புள்ளி எடுத்தது. சொந்தக் கான்ஃபரன்ஸில் (ஆண்டுதோறும் தங்களுக்குள் ஆடிக்கொள்ளும் கல்லூரிகளின் கூட்டமைப்பு) நான்கு வெற்றி, நான்கு தோல்வி. மொத்தத்தில் 5-7, அதாவது ஐந்து வெற்றி, ஏழு தோல்வி. சீசன் முடிந்து நடக்கும் பவுல் ஆட்டத்துக்குத் தகுதி பெற ஆறு வெற்றி வேண்டும். அந்த மூன்று மலைகளில் ஒன்றுக்குப் பதில் தன் உயரத்தில் ஒரு அணியைப் பிடித்து ஜெயித்திருந்தால் பையன்கள் டிசம்பரிலும் ஆடியிருப்பார்கள். பயிற்சியாளர் ஷான் லூயிஸ் அந்த டிசம்பரில் கொலராடோவுக்கு வேலை மாறிப் போனார். 2023இல் கென்ட் ஸ்டேட் 1-11. 2024இல் 0-12. அந்த ஆண்டு டென்னசியிடம் 71-0, பென் ஸ்டேட்டிடம் 56-0. அதற்கும் முன்னால், ஜெயிப்பதற்கென்றே சொந்த ஊருக்கு அழைத்த செயின்ட் ஃபிரான்சிஸ் என்ற சின்னஞ்சிறு அணியிடம் 23-17 என்று தோல்வி.

இந்தச் சரிவுக்கு அட்டவணை மட்டுமே காரணம் என்றால் அநியாயம். பயிற்சியாளர் மாறினார், வீரர்கள் போனார்கள், காரணங்கள் பல. ஆனால் ஒரு சிறிய அணியின் கையில் முழுதாக இருப்பது அட்டவணையில் நான்கே சனிக்கிழமைதான். அதை விற்கும்போது என்ன விற்கிறோம் என்று தெரிந்து விற்க வேண்டும். அதற்குத்தான் இந்த வழிகாட்டி. நீங்கள் ஒரு சிறிய கல்லூரியின் விளையாட்டுத் துறை இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடியோ கேமில் ஒரு கல்லூரி அணியைப் பல சீசன்கள் நடத்தும் டைனஸ்டி ஆடுபவர்களுக்கும் இது உதவும். அங்கே பட்டனைத் தட்டினால் எதிரணி மாறிவிடும், இங்கே மாறாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

படி 1: கையில் எத்தனை இடம்?

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலின் மேல்தட்டு எஃப்.பி.எஸ். அதற்கு அடுத்த தட்டு எஃப்.சி.எஸ். மேல்தட்டில் ஒரு சீசனுக்கு 12 ஆட்டம். சிறிய கான்ஃபரன்ஸ்களில் வழக்கமாக 8 ஆட்டம் உள்ளுக்குள்ளேயே போய்விடும். அவற்றைக் கான்ஃபரன்ஸ் அலுவலகமே முடிவு செய்யும், நீங்கள் வாய் திறக்க முடியாது. மிச்சம் நான்கு. இதில் ஒரு விதிவிலக்கு ஹவாய். அங்கே போய் ஆடும் அணிக்கு அந்த ஆண்டு 13ஆவது ஆட்டம் ஒன்று வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. பயணச் செலவு அதிகம், ஆனால் கூடுதலாக ஒரு சொந்த மண் ஆட்டம் வைத்தால் ஓரளவு ஈடுகட்டும்.

எதிர்ப்பக்கத்திலும் இடத்தை எண்ணுங்கள். பெரிய கான்ஃபரன்ஸ்களில் பிக் டென், பிக் 12 இரண்டும் ஏற்கெனவே 9 கான்ஃபரன்ஸ் ஆட்டம் ஆடுகின்றன. எஸ்.இ.சி.யும் 2026 முதல் 9. அதற்கு மேல் இன்னொரு பெரிய அணியுடன் கட்டாயம் ஆட வேண்டும் என்ற விதியும் அங்கே இருக்கிறது. அப்படியானால் அந்த அணிகளிடம் உங்களைப் போன்றவர்களுக்கு மிச்சம் இரண்டே இடம். வாங்குகிறவர்கள் குறைகிறார்கள், விற்கிறவர்கள் குறையவில்லை. விலை இனியும் ஏறிக்கொண்டே போகும் என்று நம்பி ஐந்து ஆண்டு பட்ஜெட் போடாதீர்கள்.

படி 2: எதற்காக ஆடுகிறீர்கள்?

இதைத் தாளில் எழுதிக் கல்லூரித் தலைவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். பணமா, பவுல் ஆட்டமா, தேசியச் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃபா, ஸ்டேடியம் நிரம்ப வேண்டுமா? எல்லாமே வேண்டும் என்று பதில் வந்தால் மறுபடி கேளுங்கள். நான்கு சனிக்கிழமையில் எல்லாம் அடங்காது. பணம்தான் முக்கியம் என்று தலைவர் சொன்னால் அதில் தப்பில்லை. அப்புறம் நவம்பரில் ஏன் மூன்று வெற்றிதான் என்று பயிற்சியாளரின் சட்டையைப் பிடிக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 3: ஆட்டங்களின் ரகம்

முதல் ரகம் காசு ஆட்டம். அங்கே கேரண்டி கேம், பை கேம் என்பார்கள். பெரிய அணி பணம் கொடுக்கும், நீங்கள் அவர்கள் ஊருக்குப் போய் ஆடிவிட்டு வருவீர்கள். அவர்கள் திரும்ப உங்கள் ஊருக்கு வர மாட்டார்கள். பச்சையாகச் சொன்னால் கூலிக்கு மாரடிப்பது. 2007இல் மிச்சிகன், அப்பலாச்சியன் ஸ்டேட்டுக்குக் கொடுத்தது 4 லட்சம் டாலர். அப்போது எஃப்.சி.எஸ். அணியாக இருந்த அப்பலாச்சியன் 34-32 என்று ஜெயித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வந்தது. 2022இல் அதே அப்பலாச்சியனுக்கு டெக்சஸ் ஏ அண்ட் எம் கொடுத்தது 15 லட்சம். அங்கேயும் 17-14 என்று வெற்றி. 2023இல் நியூ மெக்சிகோ ஸ்டேட்டுக்கு ஆபர்ன் 18.5 லட்சம் கொடுத்து 31-10 என்று தோற்றது. கேட்கச் சுகமாக இருக்கிறது, இல்லையா? இந்த மாதிரி ஒவ்வொரு கதைக்கும் பின்னால் யாரும் எழுதாத ஒரு கட்டு 56-0 கிடக்கிறது.

இரண்டாவது ரகம், போய்-வரும் ஆட்டம். இந்த ஆண்டு நீங்கள் அவர்கள் ஊருக்கு, அடுத்த முறை அவர்கள் உங்கள் ஊருக்கு. நம் ஊர் மொய் கணக்கு மாதிரிதான். வைத்ததைத் திருப்பி வைப்பார்கள், நோட்டில் எழுதியிருக்கிறது. பணம் பெரிதாகக் கைமாறாது. உங்கள் உயரத்தில் உள்ள பக்கத்து மாநிலத்து அணியுடன் இப்படி ஒரு ஒப்பந்தம் இருந்தால் அதுதான் அட்டவணையின் முதுகெலும்பு. பேருந்தில் போகலாம், எதிரணி ரசிகர்களும் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள், ஜெயிக்கிற வாய்ப்பும் பாதிக்குப் பாதி.

மூன்றாவது, இரண்டுக்கு ஒன்று. பெரிய அணியின் ஊரில் இரண்டு முறை, உங்கள் ஊரில் ஒரு முறை. சென்ட்ரல் ஃபுளோரிடா 2017இல் 13-0 என்று சீசனை முடித்த தெனாவட்டில், அதன் இயக்குநர் டேனி ஒயிட் இந்த மாதிரி ஏற்பாடே வேண்டாம், சரிக்குச் சமம் என்றால் மட்டும் பேசலாம் என்று நின்றார். அவர் போன பிறகு 2021இல் அதே கல்லூரி ஃபுளோரிடாவுடன் இரண்டுக்கு ஒன்று என்று கையெழுத்துப் போட்டது. என் கருத்து: உங்கள் ஊருக்கு வரும் அந்த ஒரு ஆட்டத்துக்கு மதிப்பு அதிகம், வறட்டுக் கௌரவம் பார்க்காதீர்கள். 2018இல் வர்ஜீனியா டெக் நார்ஃபோக்குக்கு வந்து ஓல்ட் டொமினியனிடம் 49-35 என்று தோற்றது. அந்த ஊர்க்காரர்கள் இன்னும் அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்கள். 2022இல் நார்த் கரோலினா, பூன் என்ற மலையூருக்கு வந்து அப்பலாச்சியனை 63-61 என்று தப்பிப் பிழைத்து ஜெயித்தபோது அரங்கில் 40,000 பேருக்கு மேல். தோற்ற ஆட்டம்தான், ஆனாலும் அந்தக் கூட்டத்தைக் காசு ஆட்டத்தால் வாங்க முடியாது.

நான்காவது, எஃப்.சி.எஸ். அணியை நீங்கள் பணம் கொடுத்து அழைப்பது. இங்கே நீங்கள்தான் பெரிய அண்ணன். ஐந்தாவது, பொது ஊரில் ஆடுவது. உங்கள் பழைய மாணவர்கள் கூட்டமாக வசிக்கும் நகரமாக இருந்தால் மட்டும் யோசிக்கலாம். இல்லையென்றால் காலி நாற்காலிகளை டிவியில் காட்டுவார்கள்.

படி 4: கணக்கு நோட்டைத் திறங்கள்

ஒரு மாதிரிக் கணக்கு போடுவோம். எண்கள் கற்பனை, விகிதம் மட்டும் பாருங்கள். ஒரு காசு ஆட்டத்துக்கு 15 லட்சம் டாலர் வருகிறது. தனி விமானம், இரண்டு ராத்திரி ஹோட்டல், நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்குச் சாப்பாடு, சாமான் லாரி என்று 2 லட்சம் போனால் மிச்சம் 13. மூன்று காசு ஆட்டம் என்றால் 39. நான்காவது இடத்தில் ஒரு எஃப்.சி.எஸ். அணிக்கு 3.5 லட்சம் கொடுத்து அழைக்கிறீர்கள், டிக்கெட்டும் பார்க்கிங்குமாக 4 லட்சம் வருகிறது. மொத்தம் 39.5.

இன்னொரு திட்டம்: ஒரு காசு ஆட்டம், ஒரு எஃப்.சி.எஸ்., இரண்டு போய்-வரும் ஆட்டம் (ஒன்று உள்ளூரில், ஒன்று வெளியூரில்). பயணம் பேருந்தில். மொத்தம் 15 லட்சத்தைத் தாண்டினால் பெரிது.

இரண்டுக்கும் இடையே சுமார் 25 லட்சம் டாலர். இதைச் சின்னத் தொகை என்று சொல்கிற ரசிகன் பட்ஜெட் கூட்டத்தில் உட்கார்ந்ததில்லை. பெண்கள் வாலிபால், நீச்சல், டிராக் என்று பல அணிகள் இந்தப் பணத்தில்தான் மூச்சு விடுகின்றன. 2025 ஜூலை முதல் கல்லூரிகள் வீரர்களுக்கே நேரடியாகப் பணம் கொடுக்கலாம் என்று ஆகிவிட்ட பிறகு நெருக்கடி இன்னும் கூடியிருக்கிறது.

ஆனால் நோட்டின் மறுபக்கத்தில் எழுத வேண்டியவை உண்டு. செப்டம்பரிலேயே மூன்று தோல்வி என்றால் அக்டோபர் டிக்கெட் விற்காது. பவுல் ஆட்டம் போனால் டிசம்பர் பயிற்சி நாட்களும் போகும், அது அடுத்த ஆண்டு அணியின் விதை நெல். அப்புறம் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்ற ஒன்று இருக்கிறது. வீரர்கள் அதன் வழியாக அணி மாறலாம். காசு ஆட்டத்தில் உங்கள் கார்னர்பேக் (தடுப்பவர்) அவர்களுடைய நட்சத்திர ரிசீவரை (பந்து பிடிப்பவர்) அடக்கிக் காட்டினால் முதலில் கவனிப்பவர் எதிர்ப்பக்கப் பயிற்சியாளர்தான். உங்கள் பையனை அவர் கடை வாசலிலேயே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வருகிறீர்கள்.

ஆண்டுக்கு ஒரு காசு ஆட்டம் சரி. பல்கலைக்கழகம் கழுத்தைப் பிடித்தால் இரண்டு. மூன்று என்பது சீசனையே அடமானம் வைப்பது.

படி 5: எந்த வாரம் யார்?

பலர் கோட்டைவிடும் இடம் இது. யாருடன் என்பதைப் பேசுகிற அளவுக்கு எப்போது என்பதைப் பேசுவதில்லை.

2022 செப்டம்பர் 10. ஒரே நாளில் மூன்று சிறிய அணிகள் மூன்று பெரிய தலைகளை உருட்டின. மார்ஷல், நோட்ர டேமை 26-21. அப்பலாச்சியன், டெக்சஸ் ஏ அண்ட் எம்மை. ஜார்ஜியா சதர்ன், நெப்ராஸ்காவை 45-42. மறுநாளே நெப்ராஸ்கா பயிற்சியாளரை வீட்டுக்கு அனுப்பியது. சரி, அடுத்த சனிக்கிழமை என்ன ஆனது? மார்ஷல், பவுலிங் கிரீனிடம் கூடுதல் நேரத்தில் 34-31 என்று தோற்றது. ஜார்ஜியா சதர்ன், யு.ஏ.பி.யிடம் 35-21. அப்பலாச்சியன் மட்டும் டிராயைக் கடைசி விநாடியில் வானத்தில் வீசிய பந்தால் 32-28 என்று ஜெயித்தது. அதற்கு அடுத்த வாரம் அதுவும் ஜேம்ஸ் மேடிசனிடம் விழுந்தது.

2024இலும் இதே கதை. நார்தர்ன் இல்லினாய் 14 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டு நோட்ர டேமை 16-14 என்று வீழ்த்தியது. நடுவில் ஓய்வு வாரம்கூடக் கிடைத்தது. அடுத்த ஆட்டத்தில் பஃபலோவிடம் தோல்வி. பஃபலோ அப்போது அதன் சொந்தக் கான்ஃபரன்ஸ் அணி. நோட்ர டேம் அந்தத் தோல்வியை விழுங்கிவிட்டு சாம்பியன்ஷிப் இறுதி ஆட்டம் வரை போனது.

ஏன் இப்படி? உடம்புதான் காரணம். பெரிய அணியில் மூன்றாவது வரிசை லைன்மேன்கூட 140 கிலோவுக்கு நிற்பான், மாறி மாறி இறக்குவார்கள். உங்கள் பக்கம் அதே ஐந்து பேர் அறுபது, எழுபது தடவை மோத வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை சிகிச்சை அறையில் ஐஸ் தொட்டிக்கு வரிசை நிற்கும். ஜெயித்திருந்தால் உடம்பு வலியோடு தலைக்கனமும் சேரும்.

அதனால் என் வரிசை இப்படி இருக்கும்: முதல் வாரம் சொந்த ஊரில் எஃப்.சி.எஸ். அணி, கை கால் உதற. இரண்டாவது வாரம் காசு ஆட்டம். மூன்றாவது வாரம் ஓய்வோ, பேருந்து தூரத்தில் சம பலமுள்ள அணியோ. காசு ஆட்டத்துக்கு அடுத்த சனிக்கிழமை கான்ஃபரன்ஸின் முதல் ஆட்டம் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கான்ஃபரன்ஸ் அட்டவணை தாமதமாகத்தான் வரும் என்பதால் இதை முழுதாகக் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் காசு ஆட்டத்தை செப்டம்பர் கடைசிக்குத் தள்ளாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. முதல் வாரமே காசு ஆட்டம் வைக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். வைக்கலாம், எதிரணியும் அப்போது கரடுமுரடாகத்தான் இருக்கும். ஆனால் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் உங்கள் குவார்ட்டர்பேக் புதியவராக இருந்தால் வேண்டாம். ஒரு பையனின் முதல் ஆட்டம் 90,000 பேர் கத்தும் அரங்கில் நடந்தால் அந்தப் பதற்றம் விட நவம்பர் ஆகும்.

படி 6: எந்தப் பெரிய அணி?

காசு கொடுக்கத் தயாராக இருப்பவர்களில் முதல் ஐந்து இடத்தில் இருப்பவரும் இருப்பார், நாற்பதாவது இடத்தில் தடுமாறுபவரும் இருப்பார். விலையில் வித்தியாசம் நீங்கள் நினைக்கிற அளவுக்கு இருக்காது. அப்புறம் ஏன் முதல் ஐந்திடம் போக வேண்டும்? ஒரே ஒரு சிக்கல், ஒப்பந்தம் பல ஆண்டுகளுக்கு முன்பே போடப்படுகிறது. இன்று தடுமாறுபவர் அன்று சாம்பியனாக இருக்கலாம். அதனால் இன்றைய ரேங்கிங்கைப் பார்க்காமல் இருபது ஆண்டு வரலாற்றைப் பாருங்கள். எப்போதும் மேலேயே இருக்கும் ஏழெட்டு கல்லூரிகளைத் தவிர்த்தாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்து, ஆட்கள் கிடைக்கும் ஊர். உங்கள் அணியில் இருபது பேர் ஜார்ஜியா மாநிலத்துப் பையன்கள் என்றால் காசு ஆட்டத்தை அங்கே வையுங்கள். அம்மா, அப்பா, மாமா, பள்ளிப் பயிற்சியாளர் எல்லோரும் வருவார்கள், அடுத்த ஆண்டு சேரப்போகும் பையனும் பார்ப்பான்.

ஃபிரெஸ்னோ ஸ்டேட்டின் பழைய பயிற்சியாளர் பேட் ஹில், யாருடனும், எப்போது வேண்டுமானாலும், எங்கே வேண்டுமானாலும் ஆடுவோம் என்று சொல்லியே பேர் வாங்கினார். 2001இல் கொலராடோ, ஆரிகன் ஸ்டேட், விஸ்கான்சின் மூன்றையும் வரிசையாக வீழ்த்தினார். அந்த அணியில் டேவிட் கார் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார், அடுத்த ஆண்டு தொழில்முறை ஃபுட்பாலில் முதல் ஆளாகத் தேர்வானவர். உங்களிடம் அப்படி ஒருவர் இருந்தால் இந்தப் படியைத் தாண்டிப் போகலாம். இன்னொன்று: அதே சீசனில் அவர்களைச் சொந்த ஊரிலேயே வந்து வீழ்த்தியது கான்ஃபரன்ஸுக்குள் இருந்த பாய்ஸி ஸ்டேட்.

படி 7: எஃப்.சி.எஸ். அணி ஒன்றுதான்

ஆண்டுக்கு ஒரு எஃப்.சி.எஸ். வெற்றிதான் பவுல் தகுதிக்கு எண்ணப்படும். அந்த அணியும் உதவித்தொகை கொடுக்கும் வீரர்களின் எண்ணிக்கையில் ஒரு குறைந்தபட்ச அளவைத் தொட்டிருக்க வேண்டும்.

இதைப் படித்தவுடன் தெரிந்த விஷயம்தானே என்று தோன்றும். 2022 அப்பலாச்சியனை மறுபடி பாருங்கள். டெக்சஸ் ஏ அண்ட் எம்மை அதன் வீட்டிலேயே வீழ்த்தினார்கள். இ.எஸ்.பி.என். டிவியின் கேம்டே நிகழ்ச்சி பூனுக்கே வந்து கூடாரம் போட்டது. நாடு முழுக்கப் பேச்சு. சீசன் முடிவில் 6-6. ஆறு வெற்றி இருக்கிறது, பவுல் ஆட்டம் கிடையாது. ஏனென்றால் அந்த ஆறில் இரண்டு, தி சிட்டடெல், ராபர்ட் மோரிஸ் என்ற எஃப்.சி.எஸ். அணிகளுடன். நான்கு இடத்தில் இரண்டை எஃப்.சி.எஸ்.ஸுக்குக் கொடுத்தால் ஏழு வெற்றி எடுத்தாக வேண்டும். அவசரத்துக்கு ஆள் கிடைக்காமல் இரண்டாவது எஃப்.சி.எஸ். அணியைக் கூப்பிடும் நிலை வரலாம், அது வேறு. திட்டம் போட்டு அப்படிச் செய்யாதீர்கள்.

அழைக்கும் எஃப்.சி.எஸ். அணியும் பலவீனமானது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கென்ட் ஸ்டேட்டை 2024இல் வீழ்த்திய செயின்ட் ஃபிரான்சிஸ், அடுத்த வசந்தத்தில் தன் விளையாட்டுகளையெல்லாம் கீழ்த்தட்டான மூன்றாம் டிவிஷனுக்கே இறக்கப்போவதாக அறிவித்தது. அவ்வளவு சின்ன இடம் அது.

படி 8: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படியுங்கள்

இந்த ஒப்பந்தங்கள் நீளமில்லை, சில பக்கங்கள்தான். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் காசு உண்டு.

தொகையைப் பார்த்தவுடன் எப்போது தருவார்கள் என்ற வரியைத் தேடுங்கள். பெரும்பாலும் சீசன் முடிந்த பிறகுதான் வரும். விமானத்துக்குப் பணம் நீங்கள் முன்பே கட்டியிருப்பீர்கள், ஆகவே இடையில் சமாளிக்க வழி வேண்டும்.

அடுத்தது ரத்து செய்தால் தண்டம் எவ்வளவு என்பது. இது ஆட்டத் தொகைக்குக் குறைவாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். இன்னும் வசதியான ஒருவர் கிடைத்தால் பெரிய அணி தண்டத்தை வீசியெறிந்துவிட்டுப் போகும், அவர்களுக்கு அது சில்லறை. ஆட்டத்துக்கு ஒரு ஆண்டுக்குள் ரத்து செய்தால் தண்டம் கூட வேண்டும், மாற்று எதிரணியைத் தேடித் தருவதும் அவர்கள் பொறுப்பாக வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். கேட்டால் பாதியாவது கிடைக்கும்.

பிறகு, எவர் பொறுப்பும் இல்லாத இடையூறு என்ற பத்தி. 2020 ஜூலையில் பிக் டென் ஒரே அறிவிப்பில் கான்ஃபரன்ஸ் ஆட்டம் மட்டும்தான் என்றது. அவர்களுடைய செப்டம்பர் பணத்தை நம்பியிருந்த மிட்-அமெரிக்கன் கான்ஃபரன்ஸ் கல்லூரிகள் அப்படியே நின்றன. அந்தப் பத்தியை யார் எப்படி எழுதியிருந்தார்கள் என்பதைப் பொறுத்துதான் அதன் பிறகு பேச்சே. புயலும் இதில் வரும். 2018இல் ஃபுளோரன்ஸ் புயல் வருகிறது என்று ஈஸ்ட் கரோலினா அணி வர்ஜீனியா டெக்குக்குப் புறப்படவே இல்லை, இரண்டு கல்லூரிகளுக்கும் மனஸ்தாபம். வர்ஜீனியா டெக்குக்கு ஆறாவது வெற்றி தேவைப்பட்டதால் டிசம்பர் 1 அன்று மார்ஷலை அவசரமாகப் பிடித்து ஆடியது. மின்னல் அடித்துப் பாதியில் நின்றால் ஆட்டம் ஆடியதாகக் கணக்கா, முழுப் பணமும் உண்டா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கான்ஃபரன்ஸ் ஆட்ட எண்ணிக்கை மாறினால் விலகலாம் என்று ஒரு வரி இருந்தால் அது உங்களுக்கும் பொருந்துமா என்று பாருங்கள். இலவச டிக்கெட், நடுவர்கள் எந்தக் கான்ஃபரன்ஸ், ரேடியோ அறை, இவையெல்லாம் வழக்கப்படிதான், நேரம் செலவழிக்க வேண்டாம். டிவி உரிமை உள்ளூர் அணியின் கான்ஃபரன்ஸுக்குத்தான் போகும். ஆட்டம் எத்தனை மணிக்கு என்பதும் அவர்கள் கையில்தான். ராத்திரி ஆட்டமாகிவிட்டால் விடியற்காலை நான்கு மணிக்குத்தான் ஊர் வந்து சேர்வீர்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

விலை என்னவென்று தெரியாமல் பேரம் பேச வேண்டாம். அரசுப் பல்கலைக்கழகங்களின் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் பொது ஆவணங்கள், விண்ணப்பித்தால் கிடைக்கும். உங்களைப் போன்ற நான்கு கல்லூரிகளின் பழைய ஒப்பந்தங்களை வாங்கிப் படித்துவிட்டு அப்புறம் போனை எடுங்கள்.

படி 9: பிளேஆஃப் கனவு இருந்தால்

2024 முதல் 12 அணிகள். 2024, 2025 இரண்டிலும் ரேங்கிங்கில் மேலே இருந்த ஐந்து கான்ஃபரன்ஸ் சாம்பியன்களுக்கு இடம் இருந்ததால் சிறிய கான்ஃபரன்ஸ்களுக்கும் ஒரு கதவு திறந்தது. 2024இல் பாய்ஸி ஸ்டேட் நுழைந்தது. 2025இல் டுலேன், ஜேம்ஸ் மேடிசன் என்று இரண்டு.

நான்கு அணிகளே இருந்த காலத்தில் 2021இல் உள்ளே போன சின்சினாட்டி, நோட்ர டேமை அவர்கள் ஊரிலேயே 24-13 என்று ஜெயித்திருக்காவிட்டால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். எதிர் உதாரணம் 2023 லிபர்ட்டி. 13-0 என்று ஒரு தோல்வியும் இல்லை, ஆனால் அட்டவணையில் பெரிய பெயர் ஒன்றுகூட இல்லை. தேர்வுக்குழு கொடுத்த இடம் 23. ஒரு படி கீழே எஸ்.எம்.யு. இருந்தது. மயிரிழையில்தான் லிபர்ட்டி பெரிய பவுலுக்குள் போனது, அங்கே ஆரிகன் 45-6 என்று காட்டிக்கொடுத்தது.

கனவு இருக்கிறவருக்கு என் யோசனை: ஒரு உண்மையான பெரிய எதிரணி, ஒரு நடுத்தரப் பெரிய கான்ஃபரன்ஸ் அணி, இரண்டு ஜெயிக்கக்கூடியவை. பெரியவரிடம் தோற்றாலும் எப்படித் தோற்றோம் என்பது எண்ணப்படும். பாய்ஸி 2024 செப்டம்பரில் ஆரிகனிடம் கடைசி நேர ஃபீல்ட் கோலில் 37-34 என்று தோற்றது. ஆரிகன் பிறகு தேசத்தில் முதல் இடத்துக்குப் போனபோது அந்தத் தோல்வியே பாய்ஸிக்குச் சான்றிதழ் ஆனது.

எஃப்.சி.எஸ். அணியாக இருந்தால்

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு காசு ஆட்டம் போதும். உங்கள் இலக்கு 24 அணிகள் ஆடும் பிளேஆஃப். அதற்குத் தேர்வுக்குழு பார்ப்பது முதல் டிவிஷன் (எஃப்.பி.எஸ்., எஃப்.சி.எஸ். இரண்டும் சேர்ந்தது) வெற்றிகளை, இரண்டாம் டிவிஷன் அணியை 70 புள்ளியில் ஜெயித்தாலும் உதவாது. நார்த் டகோட்டா ஸ்டேட் 2010 முதல் 2016 வரை வரிசையாக ஆறு எஃப்.பி.எஸ். அணிகளை வீழ்த்தியது, கடைசியாக அயோவாவை 23-21. அதன் பிறகு அவர்களை அழைக்கப் பெரிய அணிகளுக்குத் தயக்கம் வந்தது. நன்றாக ஆடுவதற்கும் ஒரு விலை இருக்கிறது. மறுகோடியில் சவானா ஸ்டேட். 2012இல் ஓக்லஹோமா ஸ்டேட்டிடம் 84-0, மறுவாரம் ஃபுளோரிடா ஸ்டேட்டிடம் 55-0, அதுவும் மழை இடியால் மூன்றாவது குவார்ட்டரிலேயே நிறுத்தப்பட்டதால்தான் 55. இரண்டுக்குமாக 8.6 லட்சம் டாலர் கிடைத்தது. 2019இல் அந்தக் கல்லூரி இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கியது.

படி 10: போனை அணைக்காதீர்கள்

எல்லா இடத்தையும் பத்து ஆண்டுக்கு முன்கூட்டியே நிரப்பிவிட்டு நிம்மதியாக உட்காரும் இயக்குநர்களை நான் நம்புவதில்லை. காசு ஆட்டத்தை முன்பே முடித்துவிடுங்கள், போய்-வரும் ஆட்டங்களை நான்கைந்து ஆண்டுக்கு முன்னால். நான்காவது இடத்தை சீசனுக்குப் பதினெட்டு மாதம் முன்பு வரை திறந்தே வையுங்கள். அணி நன்றாக உருவாகிவந்தால் அதில் ஒரு பெரிய ஆளைப் போடலாம், உருவாகவில்லையென்றால் லேசான ஆளை. யாராவது ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டு ஆள் தேடும்போது பேரத்தில் மேல்கை உங்களுடையது.

கோஸ்டல் கரோலினா 2020 டிசம்பர் 5 அன்று லிபர்ட்டியுடன் ஆடவேண்டியிருந்தது. அந்த வாரம் லிபர்ட்டியில் கொரோனா. யூட்டா மாநிலத்தின் பி.ஒய்.யு.வும் (பிரிகாம் யங் பல்கலைக்கழகம்) அப்போது தோல்வியே இல்லாமல், ஆனால் ஆட எதிரணியும் இல்லாமல் உட்கார்ந்திருந்தது. போன்கள் பறந்தன. வியாழக்கிழமை அறிவிப்பு வந்தது, நாட்டின் குறுக்கே விமானம் ஏறி வந்த பி.ஒய்.யு. சனிக்கிழமை கோஸ்டலின் கான்வே ஊரில் ஆடியது. கடைசி வீச்சில் பந்தைப் பிடித்த பி.ஒய்.யு. வீரரை எல்லைக்கோட்டுக்கு ஒரு கஜம் முன்னால் மடக்கிக் கீழே தள்ளினார்கள். கோஸ்டல் 22, பி.ஒய்.யு. 17.